மயில்துத்தச் சுவர்

திராட்சைப் பந்தலுக்குக் கீழே கையைத் தூக்கியபடியே அரைநாள் நின்றால், கழுத்துக்கு இரண்டு பக்கமும் ஆணி அடித்து இறக்கியதுபோல் இருக்கும். இறக்கிய கையை மறுபடி தூக்கிக் கொண்டை முடிவதற்குக்கூட மனசு வராது. சங்கிலியம்மாளுக்கு இது புதிதில்லை. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டும் பெண்கள் செட்டு ஒன்றுக்கு அவள்தான் முன்னால் நிற்பவள். கத்தரியைப் பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் வெளிப்பக்கமாகவே திரும்பிவிட்டது. தோள் வலிக்கிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அந்த இடத்தில் வேறொருத்தி நின்றுகொள்வாள்.

அன்றைக்கும் வேலை முடிந்து மதியம் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவள் நினைப்பில் இருந்தவை இரண்டு: ஒரு வாய் சோறு, தோளில் ஊற்ற ஒரு வாளி வெந்நீர். மகள் திரிஷா வீட்டில் இருக்கிறாள், உலை வைத்திருப்பாள்.

உலை வைக்கவில்லை. திரிஷா உள்ரூம் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். தலைமாட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் வாளி.

"என்னாத்தா, வாந்தியா?"

"காலைல இருந்து. வயித்த முறுக்குதும்மா."

"ஏழு மாசம் ஆச்சு, இப்பப் போயி என்ன வாந்தி? மசக்கையெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சே."

"எங்கிட்டக் கேட்டா? உள்ள இருக்கவனக் கேளு."

வாய்க்கு ஒன்றும் குறைச்சலில்லை என்று சங்கிலியம்மாள் வாளியை எடுத்தாள். கொல்லையில் கொட்டப் போனவள் நின்றுவிட்டாள். வாந்தியில் லேசாக ஒரு பச்சை. பித்தமாக இருந்தால் மஞ்சள் கலந்து வரும். இது அந்தப் பச்சை இல்லை. இதை வேறெங்கோ பார்த்திருக்கிறாள்.

வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். ஜன்னலை முழுசாகத் திறந்தாள். கட்டிலைப் பிடித்து இழுத்தாள். தலைமாட்டுப் பக்கம், தலையணை மறைத்திருந்த உயரத்தில், சுவரில் ஒரு கையகலத்துக்கு நிறம் போய்ச் சிமெண்டு தெரிந்தது. ஓரமெல்லாம் நகக்கீறல்.

"கையக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடி!"

திரிஷாவின் நகக்கண்ணில் இளநீலமாகப் பொடி அப்பியிருந்தது.

அந்தச் சுவருக்கு நிறம் வந்த கதை இது. திரிஷாவைக் கட்டிக்கொடுத்தது கெங்குவார்பட்டியில். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதற்கு முன்னால் அவள் அப்பன் பிச்சைமணிக்குப் போனில் ஒரு படம் அனுப்பினாள். யாருடைய வீட்டு ரூமோ. வெளுத்த நீலத்தில் சுவர், வெள்ளைத் திரை, மரக்கட்டில். "யப்பா, நா வரும்போது நம்ம உள்ரூமு இப்படி இருக்கணும், பாத்தாலே குளுகுளுன்னு இருக்குல்ல" என்று குரலும் சேர்த்து அனுப்பியிருந்தாள். மேற்கு வெயில் முழுசும் வாங்குகிற ரூம் அது. அவள் கேட்டதில் தப்பில்லை.

பிச்சைமணி படத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்குப் போயி கம்பம் டவுன்ல பெயிண்டுக் கடை ஏறணுமாக்கும்? இது நம்ம மருந்துக் கலருல்ல!"

அவருக்கு வேலையே மருந்தடிப்பது. திராட்சை இலையில் நோய் விழாமல் இருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்து, ஒன்றாகக் கலந்து அடிப்பார்கள். கலந்தால் வானம் வெளுத்த மாதிரி ஒரு நீலம் வரும். அடித்த மறுநாள் தோட்டம் முழுக்க இலையெல்லாம் அந்த நிறத்தில் சாம்பல் பூத்து நிற்கும். துத்தம் தூக்கலா, சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க அரிவாளை அதில் முக்கி எடுப்பது வழக்கம். இரும்பு செம்பாக மாறினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். பிச்சைமணி முக்காமலே கண்ணால் பார்த்துச் சொல்லுவார். பள்ளத்தாக்கில் பாதித் தோட்டக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கெத்திலேயே, மிச்சம் கிடந்த துத்தத்தைச் சுண்ணாம்பில் கெட்டியாகக் கரைத்து, ரூமின் நாலு சுவருக்கும் உள்கூரைக்கும் சேர்த்து அடித்து முடித்துவிட்டார்.

அடித்தது அழகாக வந்தது. அதில் பொய் சொல்ல முடியாது. காய்ந்ததும் படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. வளைகாப்புக்குப் பிறகு கொண்டுவந்து விட வந்த சம்பந்தி வீட்டார் வாசலில் நின்று, "என்ன கம்பெனி பெயிண்ட்டு?" என்று கேட்டார்கள். "சொந்தக் கம்பெனி" என்றார் பிச்சைமணி. துத்தம் விஷமாச்சே என்று சங்கிலியம்மாளுக்கு அப்போது ஒருதரம் தோன்றத்தான் செய்தது. கேட்டதற்கு, "சுவத்தையா நக்கப் போறா?" என்றார். அவளும் சிரித்துவிட்டாள்.

நக்குகிறவள்தான் வந்திருந்தாள். சின்னப் பிள்ளையில் திரிஷா சுண்ணாம்புச் சுவரைக் கண்டால் விடமாட்டாள். முதுகில் போட்டுப் போட்டுத்தான் அந்தப் பழக்கம் நின்றது.

"எப்ப இருந்துடி திங்கிற?"

"ரெண்டு நாளாத்தான். அங்கன அவுக வீட்டுல எல்லாம் டைல்ஸு. இங்கன வந்து படுத்தா சுண்ணாம்பு வாசம் இழுக்குதும்மா. மழை பேஞ்ச மாதிரி. கொஞ்சூண்டுதான்... நாக்குல வச்சாத்தான் தூக்கமே வருது." சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரிஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அது துத்தமாம்மா?"

"அழுகுறதுக்கு இப்ப நேரம் இல்ல. வாயக் கொப்புளி. எந்திரி."

பிச்சைமணி மருந்து மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது சங்கிலியம்மாள் மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தை ஒரு வரியில் சொன்னாள். அவர் முகம் சுருங்கிப்போனது.

"சுண்ணாம்பு தூக்கலாத்தான புள்ள போட்டேன். அருவாள முக்கிக்கூடப் பாத்தேன். பிஞ்சு எலைக்கே ஒண்ணும் பண்ணாது அது..."

"எலைக்கு வயித்துல புள்ள இருக்காய்யா? மிஷின எறக்கி வச்சுட்டு ஏறு."

கம்பத்து ஆஸ்பத்திரியில் அவள் எதையும் மறைக்கவில்லை. என்ன கலந்தது, எவ்வளவு கெட்டி, எத்தனை நாளாகத் தின்றாள், வாந்தி என்ன நிறம், எல்லாவற்றையும் டாக்டரம்மா கேட்பதற்கு முன்னாலேயே வரிசையாகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயில் கைவைத்தார். டாக்டரம்மா திட்டவில்லை, ரத்தம் எடுத்தார், குளுக்கோஸ் ஏற்றினார், வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் துடிப்பைச் சத்தமாகக் கேட்க விட்டார். குதிரை ஓடுகிற மாதிரி அது ஓடிற்று. பிச்சைமணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நல்லா இருக்கான். உள்ள போனது கொஞ்சம்தான், வாந்தியில வெளிய வந்திருச்சு" என்றார் டாக்டரம்மா. "நாளான்னைக்கு வரைக்கும் இங்கயே இருக்கட்டும். ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. அதனாலதான் மண்ணு, சுண்ணாம்பு, சாம்பல்னு நாக்கு தேடுது. சத்து மாத்திரை குடுத்தாகளா இல்லையா?"

"குடுத்தாக" என்றாள் திரிஷா.

"தின்னியா?"

திரிஷா மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தாள்.

சாயங்காலம் மருமகன் திலீபனிடமிருந்து போன் வந்தது. குமுளிக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போகிறவன். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினான். கோபத்தை அடக்கிப் பேசுவது தெரிந்தது.

"அத்தை, எங்க அம்மா சொல்றாக, அங்கன வேண்டாம், நம்ம வீட்டுலயே பிரசவம் பாத்துக்குவோம்னு. நாளான்னைக்கு டிஸ்சார்ஜ் ஆனதும் நா நேரா கெங்குவார்பட்டிக்குக் கூட்டிட்டுப் போயிறவா?"

தாய்வீட்டுக்கு வந்த தலைப்பிள்ளைக்காரியைப் பாதியில் திருப்பிக் கூட்டிக்கொண்டு போவதென்றால் ஊர் முழுக்கக் காரணம் கேட்கும். காரணமும் தெரியும். பெற்ற மகளுக்கு விஷச் சுவர் வைத்தவர்கள் என்று பேர் எழுதினால் அழியாது. பேர்கூடப் போகட்டும், வலி எடுத்தால் அந்தப் பிள்ளை 'அம்மா' என்று கத்துகிற இடத்தில் அம்மா இருக்க வேண்டும். இதில் சங்கிலியம்மாளுக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

"நாளான்னைக்குச் சாயங்காலம் வாங்க மாப்பிள்ள. அவள முதல்ல நம்ம வீட்டுக்குக் கொண்டாங்க. ரூமுக்குள்ள வந்து உங்க கையாலயே சுவத்தத் தடவிப் பாருங்க. மனசு ஒப்பலைன்னா வாசல்லயே வச்சுக் கூட்டிட்டுப் போயிருங்க. நா ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"அதுக்குள்ள என்ன அத்தை செய்வீக?"

"செய்வேன்."

சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகுதான் கணக்குப் பார்த்தாள். நாலு சுவர், உள்கூரை. ஒரு துளி இல்லாமல் சுரண்ட வேண்டும், கழுவ வேண்டும், காய வேண்டும், மேலே பூச வேண்டும். அவளும் பிச்சைமணியும் மட்டும் இறங்கினால் சுரண்டி முடியவே பிள்ளை பிறந்துவிடும். ஆள் வேண்டும். அவளுக்குத் தெரிந்த ஆள் அவள் செட்டுதான். அந்தச் செட்டு மறுநாள் கருத்தம்மாளின் தோட்டத்துக்குக் கவாத்துக்கு வருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

கருத்தம்மாள் சுருளிப்பட்டி ரோட்டில் சின்னதாக ஒரு தோட்டம் வைத்திருப்பவள். தண்ணீரை நிறுத்தி, கொடியைக் காயப்போட்டு, நாள் பார்த்து வைத்திருந்தாள். அந்த நாள் தப்பினால் அறுப்பு தப்பும், அறுப்பு தப்பினால் வியாபாரி வேறு தோட்டத்துக்குப் போய்விடுவான். சங்கிலியம்மாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று போன் போட்டாள்.

"அக்கா, நாளைக்கு நாங்க வரமாட்டோம்."

"என்னாது? ஏத்தா, விளையாடுறியா? நாலு ஆள விட்டுட்டு ஒன்னையத்தான நம்பி உக்காந்திருக்கேன்!"

"விளையாடலக்கா." நடந்ததைச் சொன்னாள்.

"பிச்சமணிக்குப் புத்தி எங்க போச்சு? துத்தத்தப் போயி வீட்டுக்குள்ள... பிள்ள எப்படி இருக்கா?"

"இருக்கா. உள்ள உள்ள பிள்ளைக்கும் துடிப்பு ஓடுது."

"அப்ப நாளைக்குக் கழிச்சு மறுநா வருவியா?"

"வருவேன்னு சொல்லிப் பொய்யாக்க முடியாதுக்கா. ரெண்டு நாளும் எனக்கு ஆளு வேணும். அதுக்கடுத்து வேற ரெண்டு தோட்டத்துக்குச் சொல்லிட்டேன்."

"எங்கொடி பட்டுப்போனா?"

"பட்டுப்போகாது. பிந்தும். பிந்துனா உங்களுக்கு நட்டம்தான், இல்லைங்கல."

"சரி, போயி சுரண்டு. ஆனா சங்கிலி, இத நா மறக்க மாட்டேன்."

"மறக்காதீக" என்றாள் சங்கிலியம்மாள்.

மறுநாள் விடிந்ததும் செட்டுப் பெண்கள் கத்தரிக்குப் பதிலாகக் கரண்டித் தகடும் கம்பி பிரஷ்ஷும் கையிலெடுத்து உள்ரூமுக்குள் நுழைந்தார்கள். ஜோதிலட்சுமி முதலில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

"ஆத்தாடி, எம்புட்டு லெட்சணமா இருக்கு! இதப் போயி சுரண்டச் சொல்றியே. அண்ணே, எங்க வீட்டுக்கும் அடிச்சுக் குடுங்கண்ணே, எம் மாமியாளுக்குச் சுவத்த நக்குற பழக்கம் உண்டு."

பெண்கள் சிரித்தார்கள். பிச்சைமணி சுவரில் தண்ணீரைப் பீய்ச்சினார். பொடி பறந்து மூக்கில் ஏறக்கூடாது என்று ஈரமாக்கித்தான் சுரண்டினார்கள். எல்லார் மூக்கிலும் துண்டு. அவருடைய மருந்து மிஷினேதான், இந்தத் தடவை உள்ளே வெறும் தண்ணீர். விழுந்த கசடைச் சாக்கில் அள்ளி, கால்வாய்ப் பக்கம் போகாமல் மேட்டில் ஆழக் குழி வெட்டிப் புதைத்தார். யாரும் சொல்லாமலே செய்தார்.

சுவர் ஒரு வேலை என்றால் உள்கூரை பத்து வேலை. ஸ்டூலில் ஏறி அண்ணாந்து பார்த்தபடி கையைத் தூக்கித் தேய்க்க வேண்டும். பெயிண்டர் வினோத்ராஜ் மத்தியானம் வேலையைப் பார்க்க வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். "அக்கா, எங்க ஆளுக இதுக்குன்னா அரை மணிக்கு ஒருக்கா டீ கேப்பானுக."

"நாங்களும் கேப்போம். போயி வாங்கிட்டு வா" என்றாள் ஜோதிலட்சுமி மேலிருந்து. "டீ மட்டும் பத்தாது. ஏ சங்கிலி, ராத்திரிக்குக் கறிச்சோறுதான?"

"மொதல்ல மூலையத் தேயி. அங்கன நீலம் தெரியுது."

சாயங்காலம் சங்கிலியம்மாளும் வினோத்ராஜும் கம்பத்தில் பெயிண்ட் கடைக்குப் போனார்கள். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு சண்டை. பிச்சைமணி வெள்ளை அடித்துவிடலாம் என்றார். "இனிமே எம்மக நீலத்துல படுக்க வேணாம்."

"நீலம் என்னய்யா பண்ணுச்சு? பண்ணுனது துத்தம். பிள்ள கேட்டது நீலம். அதுதான் அடிக்கப் போறேன்."

கடைக்காரர் நிற அட்டையை விரித்தார். நீலத்தில் இத்தனை நீலம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஒன்று போலீஸ் ஸ்டேஷன் கதவு மாதிரி. ஒன்று சொட்டுநீலம் கூடிப்போன வேட்டி. ஒன்றில் ஊதா அடித்தது. அவள் போன் படத்தை எடுத்தாள்.

"போனப் பாக்காதீகக்கா, போன் கலரு பொய் சொல்லும்" என்றான் வினோத்ராஜ்.

"அப்ப மருந்தடிச்சு மறுநா காஞ்ச எலை மாதிரி. பச்சை கலக்காம. நீலம்னு சொன்னாத்தான் நீலம்னு தெரியணும்."

அவனுக்குப் புரிந்தது. மிஷினில் வெள்ளை டப்பாவுக்குள் நீலம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கலக்கியதை ஒரு அட்டையில் பூசிக் காட்டினான். ஈரத்தில் அழுத்தமாக இருந்தது. அவள் தலையாட்டவில்லை. வெளியே தூக்கிக்கொண்டு போய், காய்கிற வரைக்கும் கடை வாசலில் பிடித்துக்கொண்டு நின்றாள். காய்ந்ததும் வெளுத்து, சரியான இடத்தில் வந்து நின்றது.

"இதுதான். கெட்ட வாடை அடிக்குமா?"

"தண்ணி பெயிண்டுக்கா. ஜன்னலத் திறந்து வச்சு, நாலஞ்சு நா முன்ரூம்ல படுக்கச் சொல்லுங்க. மேல மட்டும் வெள்ளையா விட்ருவோம். ரூமு உசரமாத் தெரியும்."

மறுநாள் பிரைமர் காயக் காற்றாடியை வைத்து, ஜன்னலைத் திறந்து, மலைக்காற்றையும் சேர்த்து வேலை வாங்கினார்கள். மதியத்துக்கு மேல் ரோலர் உருண்டது. சுவர் நிறம் ஏற ஏற, ரூமுக்குள் வந்த மேற்கு வெயிலுக்கே ஒரு பணிவு வந்ததுபோல் இருந்தது. முன்னால் வெள்ளையாக இருந்தபோது அந்த நேரத்துக்குக் கண் கூசும். இப்போது கூசவில்லை. சூடு குறைந்ததா என்று கேட்டால் குறையவில்லைதான். குறைந்தது மாதிரி இருந்தது. அதற்குத்தானே ஆட்கள் நிறம் அடிக்கிறார்கள்.

பொழுது சாய்கிற நேரம் டியூப்லைட்டைப் போட்டுப் பார்த்த சங்கிலியம்மாளுக்கு மட்டும் திருப்தியில்லை. அந்த வெளிச்சத்தில் நீலம் விறைத்துப்போய், இரண்டு நாளாகப் பார்த்த வார்டு மாதிரியே இருந்தது. "இந்த லைட்டு ஆகாது" என்று பிச்சைமணியைக் கடைக்கு விரட்டி மஞ்சள் வெளிச்சம் தரும் பல்ப் வாங்கிவரச் சொன்னாள். அதை மாட்டியதும் சுவர் இளகியது. ரூம் வீடாயிற்று.

திலீபன் வண்டி வாசலில் நின்றது. திரிஷாவைக் கைப்பிடித்து இறக்கினான். மாமியாரிடம் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ரூமுக்குப் போனான். சொன்னபடியே சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தான். கையைப் பார்த்தான். முகர்ந்தான். கட்டில் கிடந்த மூலையில் குத்தவைத்து உட்கார்ந்து நகத்தால் சுரண்டினான். ஒன்றும் வரவில்லை. பெண்கள் எல்லாரும் முன்ரூமில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிச்சைமணி வாசல்படியை விட்டு உள்ளே வரவே இல்லை.

திலீபன் எழுந்தான். வெளியே பார்த்துக் கூப்பிட்டான்.

"மாமா, இங்கன வாங்க. கட்டில எந்தப் பக்கம் போடுவோம்? வெயில் அடிக்காத பக்கமாப் பிடிங்க."

பிச்சைமணி ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்தார். ஜோதிலட்சுமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப கறிச்சோறு உறுதி" என்றாள்.

திரிஷா சுவர் பக்கத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து ஆள்காட்டி விரல் நகத்தை ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள்.

"இது நகத்துக்கு வரமாட்டேங்குதும்மா."

"அதுக்குத்தான் இத வாங்குனேன். இந்தா." சங்கிலியம்மாள் சத்து மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். "எம் முன்னால முழுங்கு. வாயத் தொற. நாக்கத் தூக்கு."

"சின்னப் பிள்ளையா நானு?"

"இல்லையா பின்ன?"

விழுங்கினாள். அந்த வாரம் முழுக்க அவள் முன்ரூமில் படுத்தாள், வாடை போனதும் உள்ரூமுக்குப் போனாள். கெங்குவார்பட்டிச் சம்பந்தியம்மா ஒருதரம் வந்து பார்த்துவிட்டு, அவர்கள் வீட்டு முன்ரூமுக்கும் அந்த அட்டை நம்பரைக் கேட்டு வாங்கிப் போனார். சங்கிலியம்மாள் செட்டோடு மறுபடி பந்தலுக்குக் கீழே போனாள். முதலில் சொல்லி வைத்திருந்த இரண்டு தோட்டம் முடிந்தது. மூன்றாவதாகக் கருத்தம்மாள் தோட்டத்துக்குப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் கத்தரி வைக்க முடியாது.

கருத்தம்மாள் போன் போடவில்லை. வேறு செட்டையும் கூப்பிடவில்லை. சுருளிப்பட்டி ரோட்டில் டவுன் பஸ் அவள் தோட்டத்தைத் தாண்டும்போதெல்லாம் சங்கிலியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். பழைய இலை உதிராமல், கொடி வெட்டாமல் நிற்கும். கருத்தம்மாளுக்குச் சங்கிலியம்மாள் செட்டு தரவேண்டிய ஒரு நாள் கவாத்து இன்னும் பாக்கி.